கூட்டாத தோட்டம்

விடியலில் என்னை எழுப்புவது விளக்குமாற்றுச் சத்தம். சர்ர், சர்ர் என்று தெருவே தன் முதுகைச் சொறிந்துகொள்வதுபோல. அதைக் கேட்டால், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரம் காதுக்குள் இரையும். அங்கே உதிர்ந்த இலை கண்ணில் படுமுன் காணாமல் போகும். இங்கே தேனியில் அதற்கு நெருப்பு.

கணவரின் ஏலக்காய் வியாபாரம் எங்களை இங்கே கொண்டுவந்தது. வாடகை வீட்டின் பின்னால் ஒரு மாமரம், ஒரு வேம்பு, நாலு கட்டில் போடுமளவு மண். பன்னிரண்டாம் மாடியில் தொட்டிச் செடிக்கும் விதிமுறை படித்தவளுக்கு அது ஒரு நாடு. இலையை விழுந்த இடத்திலேயே விட்டேன். அரணை வந்தது, தேரை வந்தது, மழைக்குப் பின் மரவட்டைகள் ஊர்வலம் போயின. தெருவும் பேசியது: “சிங்கப்பூர்க்காரி பாம்பு வளக்குறா.” வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை சிமெண்டுத் தளம் என்று. ஞாயிறன்று தெருவையே அழைத்துத் தோட்டத்தைக் காட்டுகிறேன், அப்புறமும் பயந்தார்களென்றால் போடுங்கள் என்றேன்.

ஞாயிறு சாயங்காலம், வருகிறவர்களுக்கு முறுக்கு வாங்கித் திரும்பினால், பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அக்கா தோட்டத்தைச் சுத்தமாகக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நடுவில் கோலமே போட்டிருந்தார். மூலையில் இலைக்குவியல். கையில் தீப்பெட்டி.

“அய்யோ, கொளுத்தாதீங்கக்கா!”

“நாலு பேரு வாராகள்ல, ஆத்தா? இப்பிடியா போட்டு வைப்ப? காறித் துப்பிருவாக.”

“அந்த இலையைக் காட்டத்தானே கூப்பிட்டேன்!”

“குப்பையவா பாக்கக் கூப்பிட்ட?”

தெரு வந்துவிட்டது. உரிமையாளரும் கைகட்டி நின்றார். நான் இலைகளை அள்ளி அள்ளிக் கோலத்தின்மேல் பரப்பினேன். “கூட்டுன குப்பையத் திரும்பக் கொட்டுறத இன்னைக்குத்தான்டி பாக்குறேன்” என்று ஒருத்தி சிரிக்க, கூட்டமே சிரித்தது. பொறுக்கமாட்டாமல் அக்காவும் ஒரு கூடை அள்ளினார். குவியல் கலைந்ததில் புழுவும் பூச்சியும் திசைக்கொன்றாய் ஓடின.

வெயில் மேற்குமலைக்குப் பின்னால் இறங்கியது. வேலியோரம் இரட்டைச் சீழ்க்கை. ஆறுமணிக்குருவி! அது கூவினால் உலை வைக்கும் தெரு அது. ஆனால் அதுவரை அதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. இலைமேல் குதித்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டிப் புழுவை இழுத்தது. உரிமையாளரின் போன் அலறியது.

“அந்தப் போன அமுக்குங்கய்யா!” அக்காதான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அமுக்கினார். தெருவே குதிகால் உயர்த்தி எட்டிப் பார்த்தது. எனக்கோ உடம்பெல்லாம் சிறகு.

குளிருக்கு வடக்கேயிருந்து வருகிறது, வெயிலேறினால் போய்விடும் என்றேன்.

“அப்ப அதுக்கு எது சொந்த ஊரு?” என்றார் உரிமையாளர்.

அந்தக் கேள்வியை நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். “சிமெண்ட மொட்டமாடிக்குப் போட்டுக்கிறேன்” என்று அவர் குருவியைப் பார்த்தபடியே சொன்னார்.

எல்லோரும் போனபின் அக்கா படலைச் சாத்தித் திரும்பினார்.

“எங்க வாசல்ல விழுற எலையவும் இங்கனயே கொண்டாந்து கொட்டுறேன். ஆனா ஒண்ணு, வெயிலு வந்ததும் குருவியோட சேந்து நீயும் மூட்டையக் கட்டிராத.”