நான் நாற்று நட்டதில்லை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் நாத்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளை. ஐந்தும் இப்போது ஐந்து ஊர்களில் இருக்கின்றன. நான் மட்டும் இங்கேயே இருக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வயசாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் ஊருக்கு வந்தபோது, எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒப்பாரி வரும். அதை யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஊர் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. செத்தவர் பார்த்த வேலையைச் சொல்லித்தான் பாட வேண்டும். தங்கத்தொட்டில், தந்தக்கட்டில் எல்லாம் எங்களிடம் கிடையாது. கிணறு வெட்டினவனுக்குக் கிணறு, ஆடு மேய்த்தவளுக்கு ஆடு. ஆட்டுக்கிடைக்குக் காவல் போகாதவனைப் போனான் என்று பாடினால் பிணம் கனக்கும் என்பார்கள். அதனால் பாடுகிறவளுக்கு ஒவ்வொரு ஆளின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும்.

போன தையில் என் மதினி செத்துப்போனாள். சொந்தத்தில் மதினி இல்லை, பக்கத்து நிரைக்காரி. களை எடுக்கப் போனால் நிலத்தை ஆளுக்கொரு பட்டையாகப் பிரித்துக்கொண்டு, வரிசையாகக் குனிந்து நகர்வோம். அந்தப் பட்டைதான் நிரை. முப்பது வருஷத்துக்கு மேல் அவள் நிரை என் நிரைக்குப் பக்கத்தில்தான்.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. முந்திப் போகிறவளுக்கு மற்றவள் பாட வேண்டும்.

"நீ பாடுனா செத்தவ எந்திரிச்சு ஓடிருவா மதினி," என்பேன். அவளுக்குக் காக்கைக் குரல்.

"ஓடுனா ஓடட்டும்டி. நீ செஞ்ச வேலையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிட்டுத்தான் ஒன்னையத் தூக்க விடுவேன்," என்பாள்.

அவள்தான் முந்திக்கொண்டாள்.

அவள் மகன் திருப்பூரிலிருந்து காரில் வந்தான். அம்மா மேல் பிரியமுள்ளவன். மதுரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒப்பாரிக் குழுவை மைக்செட்டோடு வரவழைத்திருந்தான். பாடுகிற பெண் அவனிடம், "அம்மா என்ன தொழில் பார்த்தாங்க?" என்று கேட்டாள். அவன், "விவசாயம்," என்றான். தப்பில்லை. அவள் தலையாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தாள். நல்ல குரல்தான். ஆனால் சேற்றில் நாற்று நட்ட கையே என்று எடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் நாற்று நடுவது கிடையாது. புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்கு அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. மதினி ஒரு நாற்றைக்கூட நட்டதில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் தொடையை இடித்தாள். "நாத்தா? இவ எங்கிட்டுப் போயி நட்டா?"

"குளிக்கிற எடத்துல ஈரத்த மிதிச்சாலே வழுக்கி விழுவா. இவ சேத்துல நின்னாளாம்ல," என்றாள் இன்னொருத்தி. நான்கைந்து பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அழுகிற மாதிரி இருந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து மதினியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் விவரமானவள். பாட்டை நிறுத்தி மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு மைக்கு வேண்டாந்தா," என்றேன்.

மொளகாப் பழம் பறிச்ச கையி, மோருல
முக்கினாலும் எரிஞ்ச கையி
புழுதிக் களை எடுத்த கையி, எனக்காக
ரெண்டு நெர பிடிச்ச கையி

கடைசி அடி யாருக்கும் விளங்கியிருக்காது. நாலாவது பிள்ளை எனக்கு வயிற்றில் இருந்தபோது, குனிந்தால் கண் இருட்டும். வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். நிலத்துக்காரர் வரப்பில் குடை பிடித்து நிற்பார். மதினி தன் நிரையையும் என் நிரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவாள். நான் சும்மா களைக்கொத்தியை அசைத்துக்கொண்டு பின்னால் நகர்வேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், அவள் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அத்த, ஒங்க காரியத்துக்கு நீங்க ஒண்ணும் கவலப்படாதீக. இவுகளையே கூட்டியாந்துருவோம்."

மனசாரத்தான் சொன்னான். எனக்கும் நாற்று நட்ட கையே என்றுதான் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

என் பிள்ளைகளிடம் கேட்டாலும் விவசாயம் என்றுதான் சொல்லும். என் வலது முழங்கையில் ஒரு தீ வடு இருக்கிறது. கஞ்சி கொட்டிய வடு என்று ஐந்தும் நினைத்திருக்கின்றன. கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசிக் கரி மூட்டம் போடுவோம். மண்ணில் கீறல் விட்டால் காற்றுப் புகுந்து உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். ஒரு ஆடிக் காற்றில் மூட்டம் பிளந்து தீ வெளியே வந்தது. எல்லாரும் ஓடினார்கள். நான் ஈர மண்ணை அள்ளிக்கொண்டு மேலே ஏறி அடைத்தேன். இறங்கி வந்ததும் கைக்குத் தண்ணீர் ஊற்றியவள் மதினி. பத்து நாள் அந்தக் கை வீங்கியிருந்தது. அது தெரிந்த ஒருத்தியும் போய்விட்டாள்.

வீட்டில் எனக்கு நானே பாடிப் பார்க்கலாம் என்றால், அது ஆகாது. இழவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. புதுப்பெண்ணாக இருந்தபோது ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மறதியாக முனகிவிட்டேன். மாமியார் மாவுக் கையோடு என் வாயில் அடித்தாள். இப்போது அடிக்க ஆள் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

அதனால் எழுதினேன். பேத்தி விட்டுப்போன கணக்கு நோட்டில், மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து. ஒரு நாளைக்கு இரண்டு வரி, சில நாள் ஒரு சொல். களை எடுத்தேன். மிளகாய் பறித்தேன். கண்மாய்க்கரைக்கு மண் சுமந்தேன். தீயை மண்ணால் அடைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். நாற்று நட்டதில்லை.

இன்றைக்குப் பேத்தி வந்திருக்கிறாள். காலேஜ் லீவு. நோட்டைப் புரட்டிவிட்டு, "அப்பத்தா, இது ஒப்பாரியா?" என்கிறாள்.

"ராகம் போட்டாத்தான் ஒப்பாரி. வாசிச்சா வெறும் எழுத்துத்தான். ராகம் போடாம வாசி, ஆத்தா. மெதுவா வாசி. கைய எப்படிச் சுட்டுக்கிட்டேன்னு வார எடத்த ரெண்டு தடவ வாசி."