மாடு நின்ற இடங்கள்

மதுரைப் பக்கத்துக் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் சர்க்கார் இழுத்துப் பூட்டிய சமயம். காளவாசல் டீக்கடையில் ஒருவர் முத்திருளனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இனிமே ஒங்களுக்குக் கவலையில்லண்ணே, கடையே இல்லேல்ல?" என்று சிரித்தார். முத்திருளன் டீக் கிளாஸைப் பெஞ்சில் ணங்கென்று வைத்தார்.

"எனக்காண்டி ஒருத்தனும் கடையப் பூட்டல. கடை தெறந்து கெடந்தப்ப தாண்டி வந்தவன் நான். என் கணக்க ஓங் கணக்கோட சேக்காத."

அவ்வளவு கோபம் எதற்கு என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை, பாவம் வெளியூர்க்காரர். காளவாசல்காரர்களான எங்களுக்குப் புரியும். சர்க்கார் கடையை மூடியதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அவர் தனக்குத் தானே அதைச் செய்துகொண்டவர். அதுவும் கடையை மூடாமல், கடைக்கு எதிரே உட்கார்ந்து.

முத்திருளன் வண்டிக்காரர். வாடிப்பட்டி மண்டியில் நெல்மூட்டை ஏற்றி, சமயநல்லூர், பரவை, விளாங்குடி வழியாகக் காளவாசல் வந்து, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, டவுனுக்குள் நெல்பேட்டையில் கொண்டுபோய் இறக்குவார். நெட்டையான ஆள். பேச்சு குறைவு. மயிலை ஒன்று, செவலை ஒன்று என்று இரண்டு காளைகள். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் பாதி வழி தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். ஓட்டுவது மாடுதான். எந்த மரத்தடியில் நிற்க வேண்டும், எந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டுவார்கள், எங்கே எசமான் இறங்குவார் என்பதெல்லாம் அதற்குப் பாடம்.

எசமான் இறங்கிய இடங்கள் இரண்டு. சமயநல்லூரில் மொக்கைச்சாமியின் கள்ளுக்கடை. விளாங்குடியில் சாராயக்கடை. சமயநல்லூரில் இவருக்குப் பனையோலைப் பட்டையில் கள் என்றால், மாடுகளுக்குக் கள்ளின் அடிமண்டியைக் கழுநீரில் கலக்கி ஒரு பானை. மொக்கைச்சாமி கெட்டிக்கார வியாபாரி. ஆளைப் பிடிப்பதைவிட ஆளின் மாட்டைப் பிடிப்பது லேசு என்று தெரிந்தவர்.

குடித்துவிட்டு முத்திருளன் யாரையும் அடித்ததில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வண்டியிலேயே விழுந்து கிடப்பார். வீட்டு வாசலில் மாடு நின்ற பிறகு சோலையம்மாள்தான் வந்து மாட்டை அவிழ்க்க வேண்டும், மனுஷனையும் இறக்க வேண்டும். மகள் அழகம்மாள் பிறந்ததும் அவள் ஒரு முடிவாகக் கேட்டாள். முத்திருளன் பிள்ளையின் தலையில் கை வைத்து, "விட்டுட்டேன். அந்தக் கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல" என்றார். சோலையம்மாள் நம்பினாள். குறைத்துக் குடித்து, வெற்றிலையும் புகையிலையும் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. சோலையம்மாளின் பிறந்த வீடு வாடிப்பட்டி. அவளுடைய அண்ணன் பேயாண்டி மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்றைக்கென்று முத்திருளனுக்குக் காய்ச்சல். வைக்கோல் பரப்பி வண்டியில் படுத்துவிட்டார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சோலையம்மாள் கயிற்றைப் பிடித்தாள்.

விளாங்குடியில் மாடு தானாக நின்றது. எதிரே சாராயக்கடை. சோலையம்மாள் மாட்டைத் தட்டி ஓட்டினாள். சமயநல்லூரில் மறுபடி நின்றது. அவள் தட்டியும் நகரவில்லை. உள்ளேயிருந்து மொக்கைச்சாமி கழுநீர்ப் பானையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன முத்திருளண்ணே, இன்னிக்குக் குடும்பத்தோடயா?"

காய்ச்சலில் கிடந்தாலும் முத்திருளனுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. கண்ணைத் திறக்க மட்டும் தைரியம் வரவில்லை.

வாடிப்பட்டியில் காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பந்தி முடிந்து எல்லோரும் எழுந்ததும் சோலையம்மாள் புருஷனிடம் வந்தாள். "பிள்ளை தலையில கை வச்சுப் பொய் சொன்ன ஆளோட நான் வர மாட்டேன். நீங்க போங்க" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. முத்திருளன் வெறும் வண்டியோடு திரும்பினார். திரும்புகிற வழியில் விளாங்குடியில் குடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதுதான் அந்த வழியில் கடைசிக் குடி. மறுநாள் காலையில் தலைவலியோடு எழுந்தவருக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது. தொட்டில் கட்டிய இடத்தில் வெறும் கயிறு. இதை விட்டால்தான் பொண்டாட்டி பிள்ளை திரும்பி வரும், விடாவிட்டால் வராது. அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை பார்த்த சிவனாண்டி யோசனை சொன்னார். "மாட்டை மாத்திப்புடு. சந்தையில புது ஜோடி பிடி. அதுக்குக் கடையும் தெரியாது, கள்ளும் தெரியாது."

"தப்புப் பண்ணுனது நானு. மாடு எதுக்கு வீட்ட விட்டுப் போகணும்?" என்றார் முத்திருளன்.

"அப்பக் கடை வந்தா ரெண்டு சாட்டை போட்டு விரட்டிக்கிட்டுப் போ."

"விரட்டுனா, விரட்டாத அன்னிக்கு நிக்கும். நான் தூங்குன அன்னிக்கு நிக்கும். அதுகளாப் போகணும்ணே. நானும் நானாப் போகணும்."

சிவனாண்டிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எனக்கும் முதலில் கேட்டபோது அப்படித்தான் தோன்றியது.

அடுத்த லோடு ஏற்றி வரும்போது சமயநல்லூரில் மாடு நின்றது. முத்திருளன் இறங்கவில்லை. மொக்கைச்சாமி பானையோடு வந்தார். "வேண்டாம்" என்று கையைக் காட்டினார். மொக்கைச்சாமிக்கு மூஞ்சி மாறிவிட்டது. கடைக்குள்ளிருந்து தெரிந்த முகங்கள் எட்டிப் பார்த்தன. கருவாட்டு வாடையும் புளித்த கள்ளின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. ஒருத்தர் நிறைந்த பட்டையை நீட்டி, "மாப்ள, சும்மா தொட்டுப் பாரேன்" என்று கொஞ்சினார். முத்திருளன் வண்டியின் பக்கக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கயிற்றை அசைக்கவில்லை. நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுக்கவில்லை. மாடு திரும்பித் திரும்பிப் பார்த்தது. எசமானுக்கு என்ன ஆயிற்று என்று அதற்கும் விளங்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய், பெருமூச்சு விட்டு, தானாக நகர்ந்தது. அதற்குள் முத்திருளனின் முதுகு வேட்டி வரைக்கும் நனைந்திருந்தது.

விளாங்குடியில் மறுபடியும் இதே கூத்து.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது இடையில் ஒரு சறுக்கல். நெல்பேட்டை வியாபாரி ஒருவருக்கு மகன் பிறந்தான். குஷியில் முத்திருளனை ஸ்டேஷன் பக்கத்துப் பிராந்திக் கடைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அலமாரி, மேஜை நாற்காலி, வாசலில் ஒரு காவல்காரர். முத்திருளன் தயங்கினார். "அட, நீ விட்டது கள்ளும் சாராயமும்தானப்பா. இது பீரு. சீமைச் சரக்கு. தண்ணி மாதிரி" என்றார் வியாபாரி. அவர் தனக்கு ஒயின் வாங்கிக்கொண்டு, "எனக்கு இது மருந்து" என்று கண்ணடித்தார். முத்திருளனும் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடி ஜெயித்து, பீரைக் குடித்தார். வேப்பங்கொழுந்தை ஊறவைத்த மாதிரி ஒரு கசப்பு. இதற்கா மேஜை நாற்காலி என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் குடித்து முடித்தார்.

மறுவாரம் அந்தத் தெரு வழியாக வண்டி வந்தது. பிராந்திக் கடை வாசலில் மாடு நின்றது. அன்றைக்குக் காவல்காரர் வாழைப்பழத்தோல் போட்டிருக்கிறார், அதுகள் மறக்கவில்லை. கள்ளுக்கடைக்கு இத்தனை வருஷம் போன மாடு நின்றால் அது பழக்கம் என்று சொல்லலாம். ஒரே ஒரு தடவை போன இடத்திலும் நின்றால் முத்திருளன் அதற்கு என்ன பெயர் வைப்பார்? ஒரு தடவை என்பது சின்ன விஷயமில்லை என்று அந்த நடுத்தெருவில் வண்டிகள் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்போது அவருக்கு உறைத்தது. அங்கேயும் மாடு நகரும் வரை உட்கார்ந்திருந்தார். வியாபாரியின் வாதம் அதன் பிறகு அவரிடம் எடுபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் காளவாசலில் வந்து நின்று, போவோர் வருவோருக்கெல்லாம் சும்மா டீ ஊற்றிக் கொடுத்தார்கள். சும்மா கொடுத்தால் விஷமோ என்று பாதிப் பேர் ஓடினார்கள். முத்திருளன் வாங்கிக் குடித்தார். சூடு தொண்டையில் இறங்கியது. உறைக்கவில்லை, தள்ளாட வைக்கவும் இல்லை. ஆனால் உட்கார்ந்து குடிக்கிற ஒரு சாமான், பக்கத்தில் நாலு பேர் பேச்சு. தனக்கு இத்தனை நாள் வேண்டியிருந்ததில் பாதி இதுதான் போலிருக்கிறதே என்று பட்டது. பிறகு நாகசுப்பிரமணியன் என்ற சௌராஷ்டிரக்காரர் தறியை விட்டுவிட்டு அங்கேயே டீக்கடை போட்டார். முதல் நாளே முத்திருளன் போய் நின்றார்.

"அண்ணே, எனக்கு ஒரு டீத்தண்ணி. எம் மாட்டுக்கு ஒரு தொட்டி போட்டுக்கிற எடம்."

நாகசுப்பிரமணியன் சிரித்துவிட்டு வேப்பமரத்தடியைக் காட்டினார். அன்றிலிருந்து பருத்திக்கொட்டை அரைத்துக் கலக்கிய தண்ணீர் அந்தத் தொட்டியில்தான்.

வாடிப்பட்டி மண்டிக்கு லோடு ஏற்றப் போகும்போதெல்லாம் தூரத்திலிருந்து மகளைப் பார்ப்பார். காதில் புதுத் தோடு, நடக்கப் பழகிவிட்டாள். அருகில் போகப் பேயாண்டி விடமாட்டார். இவரும் கெஞ்சமாட்டார். வண்டிக்குத் திரும்பி வந்து மூட்டைகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவார் என்று மண்டிக் கூலியாட்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பங்குனி மாசம் சோலையம்மாளே மண்டிக்கு வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, கூடப் பேயாண்டி.

"நீங்க விட்டுட்டதா ஊருக்குள்ள பேசிக்கிறாக" என்றாள்.

"ஆமா. நான்..."

"நீங்க சொல்ல வேணாம். ஒங்க வாய நான் ஒருக்க நம்பியாச்சு. நான் மாட்டக் கேட்டுக்கிறேன்."

ஏற்பாட்டையும் அவளே சொன்னாள். வண்டியில் கயிறு அவள் கையில் இருக்கும். பிடிப்பாளே தவிர இழுக்கமாட்டாள். முத்திருளன் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்து வர வேண்டும். காளவாசல் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. மாடு சொல்கிறபடி அவள் அங்கே இறங்குவாள், அல்லது வாடிப்பட்டிக்கே திரும்பிவிடுவாள்.

மாடு கள்ளுக்கடையில் நிற்கும் என்று முத்திருளனுக்குத் தெரியும். இத்தனை மாசம் நிற்கவிட்டவரே அவர்தானே. விரட்டி ஓட்டிப் பழக்கியிருந்தால் ஒருவேளை தாண்டியிருக்கும். அதைச் சொல்லவும் முடியாது. "நின்னா நிக்கட்டும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, மகளை மடியில் வாங்கினார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

சமயநல்லூர் வந்தது. மாடு நேராகப் போய் மொக்கைச்சாமி கடை வாசலில் நின்றது.

சோலையம்மாள் முகம் செத்துவிட்டது. பேயாண்டி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தியா தாயி? நான் சொல்லல? மாடு பொய் சொல்லாது. சரி, நின்னது நின்னுருச்சு, நான் தொண்டைய நனைச்சுட்டு வாரேன்" என்று இறங்கி உள்ளே போனார்.

சோலையம்மாள் வண்டியைத் திருப்பக் கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டியவள் எதற்கோ பின்னால் பார்த்தாள். முத்திருளன் ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறுகையால் முன்னால் எட்டி அதே பக்கக் கம்பைப் பிடித்து, ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். கம்பில் கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று பளபளத்தது. கடை வாசலுக்கு மொக்கைச்சாமி வந்தார். கையில் பானை இல்லை. வண்டியைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார், உள்ளே போய்விட்டார். மாடும் பானையைத் தேடவில்லை. சும்மா நின்றது. அவள் சுருட்டிய கயிற்றை மெல்லத் தளர்த்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மயிலை ஒரு பெருமூச்சு விட்டது. யாரும் தட்டவில்லை, யாரும் சத்தம் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றாகக் கால் எடுத்து வைத்துக் கிளம்பின.

"ஏத்தா, வண்டிய நிப்பாட்டு! நான் இன்னும் குடிக்கல!" என்று பேயாண்டி பட்டையும் கையுமாக ஓடி வந்தார். சோலையம்மாள் நிறுத்தவில்லை. இழுக்கமாட்டேன் என்று சொன்னவள் அவள். மூச்சு வாங்க அவர் தொற்றி ஏறியபோது பட்டையில் பாதிக் கள் வேட்டியில் இருந்தது.

விளாங்குடியிலும் அப்படித்தான். மாடு நின்றது, இருந்தது, கிளம்பியது. பேயாண்டி அங்கே இறங்கவில்லை. சோலையம்மாள் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. முத்திருளனுக்கு அது சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

காளவாசலில் வேப்பமரத்தடிக்கு வந்ததும் மாடு நின்று, நுகத்தடியைக் கழற்றச் சொல்லித் தலையைத் தாழ்த்தியது. நாகசுப்பிரமணியன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்கண்ணே. இன்னிக்குக் குடும்பத்தோடயா?"

சோலையம்மாள் இறங்கினாள். முதலில் மாடுகளிடம் போய் இரண்டின் கழுத்திலும் கையை வைத்தாள். பிறகு புருஷனிடம் வந்தாள்.

"தெனமும் அம்புட்டு நேரமா அங்ஙன உக்காந்திருந்தீக?"

"மாடு நகர்ற மட்டும்" என்றார் முத்திருளன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நீ வேற வண்டி பிடிச்சு ஊருக்குப் போ. என் துணிமணிய யார்ட்டயாச்சும் குடுத்து விடு" என்றாள் பேயாண்டியிடம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டீ கேட்டாள்.