லண்டன் பாப்பாவுக்கு ஒரு கொடி

எங்கள் அப்பாவுக்கு ஒரு கோபம் உண்டு. வெளியூர்க்காரர் யாராவது பேச்சுவாக்கில் "உங்க தமிழ்நாட்டுல" என்று ஆரம்பித்தால் போதும், கையில் இருக்கிற காபி ஆறிப்போகும் வரை விளக்கம் சொல்வார். பாண்டிச்சேரி தனி, இதற்குத் தனிச் சட்டசபை, தனி முதலமைச்சர், பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் என்று அடுக்கிக்கொண்டே போவார். சித்தப்பா கல்யாணப் பத்திரிகையில் முகவரிக்குக் கீழே தமிழ்நாடு என்று அச்சடித்துவிட்ட அச்சகத்துக்காரரோடு அவர் போட்ட சண்டையை எங்கள் ரெட்டியார்பாளையத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் இந்தக் கூத்து நடந்தது.

பிரான்சில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை நடந்த 2016ஆம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருக்கிற இடம் வேல்ஸ் என்று அத்தை சொல்வாள். எங்கள் தெரு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் லண்டன் என்று வைத்துக்கொண்டது. முந்தின வருஷம் மாமா அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துபோனார். அத்தைக்குப் பாதி நாள் ராத்திரி டூட்டி. எட்டு வயதுப் பெண்ணை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

"பாப்பாவ இங்க கொண்டாந்து வுட்டுடு, நாங்க பாத்துக்கறோம். நீயும் ரெண்டு வருசத்துல மூட்ட முடிச்ச கட்டிக்கினு வந்துடு. இனிமே அங்க உனக்கு யாரு இருக்காங்க?" என்று அப்பா போனில் சொல்லிச் சொல்லி, அந்த ஜூன் மாதம் அத்தை பாப்பாவை அழைத்துக்கொண்டு வந்தும் விட்டாள்.

பாப்பாவுக்கு எங்கள் வீடு பிடிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வேலை. அம்மா மீன் குழம்பில் மிளகாயைப் பாதியாகக் குறைத்தாள். நான் கட்டிலில் ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தேன். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு சீட் வாங்க அப்பா செருப்புத் தேய அலைந்தார். பாப்பாவும் ஒரு தொந்தரவும் தரவில்லை. தமிழ் நன்றாகப் புரிந்தது. பேசச் சொன்னால் மட்டும் வெட்கப்பட்டாள். எதைக் கொடுத்தாலும் "தேங்க் யூ" என்று வாங்கிக்கொள்வாள். படுத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுப்பாள், ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

சித்தப்பா ஒரு கால்பந்துப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் உப்பளம் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், முட்டி போன பிறகு வாயால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தும் வேல்ஸும் மோதும் ஆட்டம் நம் நேரத்துக்குச் சாயங்காலம் வருகிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அவங்க ஊரு மேட்ச எல்லாரும் ஒண்ணா குந்திப் பாத்தா, இதுவும் நம்ப வூடுதான்னு புள்ளைக்குத் தோணுமில்ல?" என்றார்.

"ரெண்டு பேர்ல யாரு அவ ஊரு?" என்று அம்மா கேட்டாள்.

"இங்கிலாந்துதான் அண்ணி. வேல்ஸ்ங்கறது நம்ப ரஞ்சி டீமு மாதிரி, ஸ்டேட்டு. ஸ்டேட்டும் இந்தியாவும் மோதுனா நீங்க யாருக்குக் கை தட்டுவீங்க?"

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். சித்தப்பா போனில் படத்தைக் காட்டி, சாரம் ஏரியாவில் ஒரு தையற்காரரிடம் இங்கிலாந்துக் கொடி ஒன்று தைத்து வாங்கிவந்தார். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்புச் சிலுவை. ஆம்புலன்ஸ் வண்டிக்குத் திரை தைத்த மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னதை அவர் மன்னிக்கவே இல்லை.

ஆட்டத்தன்று அப்பாவும் அத்தையும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். சீட் கிடைத்துவிட்டது. அப்படியே சீருடைத் துணியும் வாங்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. வீட்டில் அம்மா, சித்தப்பா, நான், பாப்பா. அடுத்த வீட்டுச் சொல்தா தாத்தாவும் நாற்காலியோடு வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இங்கிலாந்து தோற்கிற ஆட்டம் எதுவானாலும் அவருக்கு நல்ல ஆட்டம்.

சித்தப்பா கொடியை விரித்துக் காட்டினார். பாப்பா கொடியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "தேங்க் யூ மாமா" என்று வாங்கி, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் வந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் பாடும்போது பாப்பா எழுந்து நின்றாள். மார்பில் கை வைத்து அவளும் உதடு அசைத்தாள். அப்பா இல்லாத பிள்ளை, அவரை நினைத்து ஜெபம் செய்கிறாள் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தானும் சிலுவை போட்டுக்கொண்டு, என் தலையில் குட்டி என்னையும் கை கூப்ப வைத்தாள்.

முதல் பாதி முடியும் நேரத்தில் சிவப்புச் சட்டை வேல்ஸ்காரர் ஒருவர் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. பாப்பா துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த கொடி கீழே விழுந்தது. அதே நொடியில் நாங்கள் எல்லோரும் "ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டோம். சொல்தா தாத்தா மட்டும் கை தட்டினார்.

"புள்ள அதிர்ச்சில எழுந்து நிக்குது, நீங்க கை தட்டறீங்களே தாத்தா!" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

பாப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். கொடியை எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் இங்கிலாந்து ஒன்று போட்டதும் சித்தப்பா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றினார். விழாமல் இருக்க அவள் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் விசில் அடித்தேன். ஆட்டம் முடிகிற தறுவாயில் இரண்டாவதும் விழுந்தது. சித்தப்பா கொடியை அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி வாசலுக்கு அழைத்துப் போனார். கோவில் திருவிழாவில் மிச்சமிருந்த சரவெடியை எடுத்துத் தெருவில் நீளமாகப் போட்டுப் பற்ற வைத்தார். எங்களால் முடிந்ததையெல்லாம் அந்தக் குழந்தைக்குச் செய்துவிட்டோம் என்ற பூரிப்பு எங்கள் எல்லோர் முகத்திலும் இருந்தது.

வெடி ஓயும் வரை தெருமுனையிலேயே நின்றிருந்த ஆட்டோ மெதுவாக வந்து நின்றது. துணிப் பொட்டலத்தோடு அத்தை இறங்கினாள், பின்னாலேயே அப்பாவும். அவளைப் பார்த்ததும் அத்தனை நேரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்ற பாப்பா உடைந்துபோனாள். ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அழுகையும் பேச்சுமாக என்னென்னவோ சொன்னாள். அத்தை பட்டுப்புடவையோடு பட்டாசுக் குப்பையில் அப்படியே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். தோளிலிருந்த கொடியை எடுத்து ஓரமாக வைத்தாள். அவளும் பேசினாள். நிறையப் பேசினாள். பேசப் பேச அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. வந்ததிலிருந்து மாமாவைப் பற்றி யார் கேட்டாலும் கண்ணில் ஒரு சொட்டு வராமல் பதில் சொன்னவள் அவள்.

"நீ இங்கிலீஷ் மீடியம்தானே, என்னா சொல்றாங்க?" என்று சித்தப்பா என் தோளை உலுக்கினார்.

"இது இங்கிலீஷே இல்ல சித்தப்பா."

"அது வேல்ஸ்காரங்க பாஷப்பா. அது வேற தேசம். இங்கிலீஷ்காரன்னா அவங்களுக்கு ஆவாது" என்றார் சொல்தா தாத்தா, நாற்காலியைத் தூக்கிக்கொண்டே. இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்கு, நீங்கள்தான் கை தட்டவே விடவில்லையே என்றார்.

"எல்லாம் ஒரே யு.கே.தானம்மா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பாண்டிய யாராவது தமிழ்நாடுன்னா நீ சும்மா இருப்பியாண்ணா?"

அத்தை பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: "வார்டுல கெழங்களுக்குச் சாவப்போற நேரத்துல இங்கிலீஷ் மறந்துடும். தண்ணி வேணும்னா கூட அந்த பாஷையிலதான் கேப்பாங்க. அதுக்காகக் கத்துக்க ஆரம்பிச்சேன். பாப்பா ஸ்கூல்ல படிச்சிட்டு வந்து சொல்லிக் கொடுத்தா. அவரு செத்தன்னிக்கு தெருவே வந்து வாசல்ல நின்னு பாடுச்சிண்ணா. ஒரு வார்த்த வுடாம எனக்குப் புரிஞ்சிது."

அடுத்த வாரமே அத்தை பாப்பாவையும் அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். சீருடைத் துணியை அப்பா கடையில் திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்து பாதியிலேயே மூட்டை கட்ட, வேல்ஸ் அரையிறுதி வரை போனது. சித்தப்பா ராத்திரியெல்லாம் விழித்திருந்து பார்த்துவிட்டுப் பாப்பாவுக்குப் போன் போட்டுக் கத்துவார். அதே தையற்காரரிடம் சிவப்பு டிராகன் கொடியும் தைத்து வாங்கினார். பார்ப்பதற்குப் பல்லி மாதிரி இருந்தாலும் பாப்பா அதைத் தன் அறைச் சுவரில் மாட்டிப் படம் அனுப்பினாள்.

ஒரு மேட்சில் தோற்றதற்காக ஊரை விட்டே போவார்களா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சித்தப்பாவோடு ரொம்ப நாள் பேசவில்லை. சரவெடிதான் என் தங்கச்சியை விரட்டிவிட்டது என்று நம்பினேன். மகளை விட்டுவிட்டுப் போக வந்தவள் அத்தை என்பதும், அன்றைக்குத் தெருவில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கே அது முடியாது என்று தெரிந்தது என்பதும் எனக்கு எங்கே புரிந்தது? மாமாவுக்காக அழக்கூட அவளுக்குத் துணை வேண்டியிருந்தது. அந்தப் பாஷையில் அழ, சொந்தத்தில் அவளுக்கு இருந்தது பாப்பா ஒருத்திதான்.

வெடி வெடித்த அன்றைக்கு எல்லோரும் உள்ளே போன பிறகும் அப்பா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். தங்கை உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் இரண்டு முறை "சார், போறேன் சார்" என்று சொன்னார். நான் கையைப் பிடித்து இழுத்து, "அத்த எப்பப்பா மூட்ட முடிச்சோட இங்கியே வந்துடுவாங்க?" என்று கேட்டேன். எந்தக் கேள்விக்கும் காபி ஆறுகிற வரை பதில் சொல்கிற மனிதர், ஒன்றுமே சொல்லவில்லை. வெடிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கேட்டதையே இன்னும் சத்தமாகக் கேட்டேன்.