எஸ்தர் அக்கா எடுத்த கணக்கு மார்க்

ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட அலுவலக நண்பனைக் கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து மேற்குத் தாம்பரத்தில் இறங்கினேன். நம் கணக்குக் குழுவின் சுமதி போனில் கூப்பிட்டாள். "யாரும் வர வேணாம்டா. அக்கா போயிட்டாங்க." கூட வந்தவன் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அவனிடம், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் நம்மோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட எஸ்தர் அக்காவை டெங்கு கொண்டுபோய்விட்டது.

நம்மில் சிலர் இடையில் சேர்ந்தவர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்களே அவருக்கு மேலதிகாரிகள் ஆகிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடு போய்ப் புள்ளியியல் படித்தால்தான் விடிவு என்று ஜி.ஆர்.இ. தேர்வு எழுதினார். ஆங்கிலம் கைகொடுத்தது. கணக்கு இரண்டு தடவையும் காலை வாரியது. இதுதான் கடைசித் தடவை, இல்லையென்றால் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அவருடைய அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கிழக்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்னால், ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில்தான் நாம் கூடுவோம். ஒருநாள் இப்படி ஒரு கேள்வி: 49-இல் 51 சதவீதம், 51-இல் 49 சதவீதம், எது பெரியது? இரண்டும் ஒன்றுதான், பார்த்தாலே தெரியும். அக்கா இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கி, படிப்படியாக எழுதி, விடையைச் சுற்றி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார்.

"யாருக்கா இத திருத்தப் போறாங்க? கம்ப்யூட்டர் உங்க கட்டத்த பாக்குமா?" என்று நக்கலடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டெப்புக்கு மார்க் வாங்கியே வளந்த கைடா இது. கணக்கு போடத் தெரியாம இல்ல. போடாம இருக்கத்தான் தெரியல" என்றார்.

நம் எல்லோருக்கும் அதே வியாதிதான். விடை தப்பானாலும் படிகளுக்கு மார்க் உண்டு என்று பொதுத்தேர்வுக்குப் பழக்கப்பட்டவர்கள் நாம். அடுத்த சனிக்கிழமை அக்கா எல்லார் பேனாவையும் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். கேள்வியைப் படித்து, என்ன கேட்கிறார்கள், எதையெல்லாம் போடத் தேவையில்லை என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பேனா திரும்பக் கிடைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்க என்ன ஸ்கூல் பசங்களாக்கா?"

"ஸ்கூல் பசங்கதான். அதனாலதான் இந்தப் பாடு."

புதுக் கணக்குப் பக்கமே விடமாட்டார். தப்பாகப் போட்டதையே திரும்பத் திரும்பப் பேச வைப்பார். மாதிரித் தேர்வுகளில் அவருக்கு மார்க் ஏறியது, எனக்கும் ஏறியது. "ஏதோ லக்குக்கா" என்று சொல்லி வைத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்த்தால் கை கொதித்தது.

"பிளட் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எக்ஸாம் முடியட்டும்டா."

"தேதிய மாத்துங்கக்கா. குடியா முழுகிடும்?"

"நான் இந்தத் தேதிய மாத்துனா, வீட்ல கல்யாணத்துக்குத் தேதி வெச்சிடுவாங்க. எங்கப்பாவப் பத்தி உனக்குத் தெரியாது."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் எழுதினார். வெளியே வந்து, கம்ப்யூட்டர் திரையிலேயே காட்டிய கணக்கு மார்க்கை மட்டும் நம் குழுவில் போட்டார்: 166. நாமெல்லாம் பட்டாசுப் படம் அனுப்பிக் கூத்தடித்தோம். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. எவ்வளவு ஏற்றியும் நிற்கவில்லை.

எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. தேவையில்லாததைப் போடாதே என்று நம் பேனாவைப் பிடுங்கி வைத்தவர், அந்த ஜுரத்தோடு போய்ப் பரீட்சை நாற்காலியில் உட்கார்ந்தாரே! இறந்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் தினமும் திட்டுகிறேன், திட்டிவிட்டு அழுகிறேன்.

பொழிச்சலூரில் அக்கா வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அக்காவின் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வருகிறவர்கள் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கணக்குக் குழுவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நூத்தி அறுபத்தாறுன்னு சொன்னா. அது எத்தனைக்குப்பா?"

"நூத்தி எழுபதுக்கு அங்கிள்."

"அப்ப நல்ல மார்க்தானே?"

"ரொம்ப நல்ல மார்க். சீட்டு கெடச்சிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கெடைக்கலன்னாலும் மறுபடி எழுத விட்டிருப்பேம்பா. மாப்ள கீப்ள எல்லாம் சும்மா மிரட்டுனது. பயம் இருந்தா நல்லா படிப்பாளேன்னு."

எஸ்தர் அக்காவை நினைத்து நாம் ஒவ்வொருவரும் ஏதேதோ வைத்துக்கொள்வோம். என்னிடம் இருப்பது அக்கா காதில் விழாமலே போன, அவருடைய அப்பாவின் இந்தப் பேச்சு.