சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாதி

கிறிஸ்துமஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முழங்கால்தான் சொல்லும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான ஆகமன காலத்தில், முதல் வாரம் மாலைச் செபத்துக்குச் செபமாலையின் ஒரு பத்து, அதாவது பத்து மணி. அடுத்த வாரம் இரண்டு. இப்படி வாரத்துக்கு ஒரு பத்து கூடி, பண்டிகைக்கு முதல்நாள் மாலை ஐந்து பத்தும் முழுதாய் வரும். டிசம்பர் குளிரில், சாணி மெழுகிய தரையில், அது லேசுப்பட்ட காரியமில்லை.

அதைத் தனியாகவும் சொல்லமாட்டோம். தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்தது சித்தப்பாவின் காம்பரா. நடுச்சுவர் கூரையைத் தொடாது. புகையும் பேச்சும் தாராளமாய்ப் போய்வரும். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும், மாதாவை வேண்டும் மந்திரத்தின் முதல் பாதியை மூத்தவரான அப்பா இந்தப் பக்கமிருந்து சொல்வார். 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று முடிகிற இரண்டாம் பாதியைச் சித்தப்பா வீட்டார் அந்தப் பக்கமிருந்து சொல்வார்கள்.

அந்த வருஷம் நவம்பரில் தோட்டத்தில் வேலைநிறுத்தம். அப்பா ஒரு சங்கம், சித்தப்பா வேறு சங்கம். சித்தப்பாவின் சங்கம் வேலைக்குப் போகச் சொன்னது. அவரும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், லயமே பார்க்க, அப்பா அவரைக் கருங்காலி என்றார்.

"இனிமே ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார் சித்தப்பா. அண்ணனை அவர் ஒருமையில் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஆகமனம் வந்தது. அப்பா வழக்கம்போல முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாங்கள் வாயைத் திறக்கப் போனோம்.

"யாரும் சொல்லக் கூடாது. அது அவன் பாதி."

"பாதிச் செபம் வீட்டுக்கு ஆகாதுங்க" என்றாள் அம்மா.

"ஆகாட்டி அவனுக்கு ஆகாது."

தினமும் அதே கதை. ஒரு பாதி, காத்திருப்பு, மறுபடி ஒரு பாதி. அவர்களும் அங்கே முழந்தாளிட்டுத்தான் இருந்தார்கள். பாய் சரசரக்கும். என் வயதுக்காரியான சித்தப்பா மகள் ஏதோ முணுமுணுத்து அதட்டு வாங்குவாள். அவளோடு பேச எனக்கும் தடை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பீலித் தண்ணீரில் நிறுத்தியிருப்பேன்.

மூன்றாம் வாரம் விடாத மழை. சித்தப்பாவுக்கு நெஞ்சுச்சளி பிடித்தது. தோட்டத்து மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. சுவருக்கு மேலாக இருமல் வந்துகொண்டே இருக்கும், இடையிடையே சித்தியின் விசும்பலும். அப்பா சோற்றைப் பிசைந்தபடி சுவரையே பார்ப்பார். இருமல் நின்றால் அவர் கையும் நிற்கும். மறுபடி கேட்டால்தான் அடுத்த வாய்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"அவன் கூப்பிடட்டும்."

சித்தப்பா செத்துப்போவார், இவர்கள் பேசாமலே போய்விடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பண்டிகைக்கு முதல்நாள் மாலை விளக்கேற்றி முழந்தாளிட்டோம். அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து முதல் பாதி வந்தது. சித்தப்பாவின் குரல்தான், இருமி இருமி உடைந்துபோன குரல். மூத்தவர் இருக்க இளையவர் செபத்தைத் தொடங்கியதே கிடையாது. பாதி முடிந்ததும் சித்தப்பா நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் கையை வலிக்கப் பிடித்திருந்தாள். எழுந்து வெளியே போய்விடுவாரோ என்று நான் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா எழவில்லை. பழக்கமில்லாத அந்த இரண்டாம் பாதியைத் தட்டுத்தடுமாறிச் சொல்லத் தொடங்கினார். "...எங்களுக்காக இப்பொழுதும் வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்று அவசரமாய் முடித்தார்.

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு சித்தப்பா சொன்னார்:

"அண்ணே, மரண நேரத்த வுட்டுட்டீங்க."

"தெரிஞ்சுதான்டா வுட்டேன்" என்றார் அப்பா. "அடுத்த மணியச் சொல்லு."