வர்றேன் என்று சொன்ன ஸ்டெல்லா அக்கா

இல்லத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் ஷாமினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா வந்து என்னை வீட்டுக்கு அனுப்பவேண்டிய நேரம். அவர் வரவில்லை, போன்தான் வந்தது. நிபோங் திபாலிலிருந்து அவருடைய தம்பி. “அக்கா போயிட்டாங்க, மாலதி. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல” என்றார். பாதிச் சடையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோரால் வளர்க்க முடியாமல் போன பிள்ளைகள் தங்கும் சிறிய இல்லம் எங்களுடையது. சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பகலில் ஸ்டெல்லா அக்காவும் இரவில் நானுமாக மாறி மாறி வேலை பார்த்தோம். அதற்கு முன் அவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். “மெஷினுக்குச் சோறு ஊட்ட வேணாம்லா, அது ஒண்ணுதான் அங்க வசதி” என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மறுநாள் தமக்கு வேலை இருந்தால் மட்டுமே கிளம்பும்போது “வர்றேன்” என்பார். விடுமுறை என்றால் “போறேன், நாளைக்கு மாலதி அக்கா இருப்பாங்க” என்று பட்டென்று சொல்லிவிடுவார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாசல்ல நின்னு யாராவது போறேன்னு சொல்வாங்களா?” என்று சத்தம் போட்டேன்.

அக்கா அமைதியாகச் சொன்னார்: “இந்தப் புள்ளைங்க எல்லாத்தையும் வர்றேன்னு சொல்லித்தான் விட்டுட்டுப் போயிருக்காங்க. நான் சொன்னா வரணும்.”

அதன்பிறகு நான் பழகிக்கொண்டேன். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். சாயங்காலம் அவர் பையை எடுத்ததும் “போறீங்களா, வர்றீங்களா?” என்று கோரஸாகக் கத்துவார்கள்.

ஒருமுறை ஆறு பெருகித் தெருவெல்லாம் வெள்ளம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தொடை வரை நனைந்து வந்து நின்றார். “ஒரு போன் போட்டிருக்கலாம்ல? ஏன் இந்தப் பிடிவாதம்?” என்று திட்டினேன். “போன் போட்டா நான் வந்த மாதிரி ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டு, கஞ்சி கிளறப் போய்விட்டார்.

ஷாமினி வந்தது அதற்குப் பிறகு. ஏழு வயது. “தோ வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போன தாய் திரும்பவில்லை. குழந்தை காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்ற மறுத்தாள். அம்மா வந்தால் உடனே கிளம்ப வேண்டுமாம். தூங்கும்போதும் சப்பாத்துதான். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அக்கா அதட்டவும் இல்லை, பொய் சொல்லித் தேற்றவும் இல்லை. “உங்கம்மா வருவாங்களான்னு எனக்குத் தெரியாது கண்ணு. நான் நாளைக்கு வர்றேன்” என்பார், வருவார். ஒரு நாள் ஷாமினி தானாகவே சப்பாத்தைக் கழற்றி, அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா சமையலறைக்குள் போய் அழுததை நான் பார்த்தேன்.

கடைசிச் சாயங்காலம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே பையை எடுத்தார். “என்னக்கா?” என்றேன். “வாயுதான்லா, வேற என்ன.” வழக்கம்போல் பிள்ளைகள் கேட்டார்கள். வாசல் கேட்டைத் திறந்துகொண்டே “வர்றேன்” என்றார்.

விஷயத்தை நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். மற்றவர்கள் அழுதார்கள். ஷாமினி அழவில்லை. “பொய். அக்கா வர்றேன்னு சொன்னாங்க” என்றாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டருகே போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்த ஒரு நாளாவது போறேன் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வேறு வழி தெரியாமல் அவருடைய தம்பிக்குப் போன் செய்தேன். “அண்ணே, மாதா கோயிலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க கொண்டு வாங்க. வர்றேன்னு சொல்லியிருக்காங்க” என்றேன்.

மறுநாள் சவ வண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். ஷாமினி எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

“அக்கா, போறீங்களா, வர்றீங்களா?”

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “போறாங்க கண்ணு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள், அக்கா. போய் வாருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிம்மதியாகப் போங்கள். இங்கே என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஷாமினி சப்பாத்தோடுதான் தூங்குகிறாள். உங்கள் பகல் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து பையை எடுத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்கவில்லை.