மணல் மூட்டை வாய் திறக்காது

நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை, உட்காருவது. கேட்டவர்கள் கேலி என்று நினைத்துச் சிரித்து வைப்பார்கள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் வரை "மாப்பிள்ளை மெக்கானிக்" என்றே ஊரில் சொல்லி வந்தார். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வண்டிக்கு அடியில் போக முடியாது. போயிருந்தால் வெளியே எடுக்க நாலு பேர் வேண்டும். அவர் செய்ததெல்லாம் இதுதான்: பிக்கப் வண்டியின் பின்தட்டில், பின்கதவான டெயில்போர்டை ஒட்டி உட்காருவார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறி எண்பதைத் தொடும். திரும்பி வந்ததும் இறங்கி, எங்கே உதறுகிறது என்று சொல்வார். இதற்கு மாதச் சம்பளம்.

பட்டறையில் அவருக்குப் பெயர் லோடு.

பட்டறை அவருடைய மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதற்கு முன் லோடு ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒருமுறை திரும்பினால் மறுபடி திரும்ப மதியம் ஆகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஓர் அலுவலகம். அங்கே நாற்காலி முந்திக்கொண்டு ராஜினாமா செய்தது. கடைசியில் அக்கா தன் கணவரோடு பேசுவதை நிறுத்தினாள். அப்படிப் பேசாமல் வாங்கிக் கொடுத்ததுதான் பட்டறை வேலை. என்ன வேலை என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது.

அதை முடிவு செய்தது ஒரு காய்கறி வியாபாரியின் வண்டி. எண்பதைத் தொட்டால் வண்டி முழுக்க நடுக்கம். வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று, டயரை மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று, போகவில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது கேபினில் இடம் இல்லாததால் லோடு பின்னால் ஏறிக்கொண்டார். நடுக்கத்தைக் காணோம். வழியில் டீக்கடையில் இறங்கிய அவர் இரண்டாவது டீ சொல்லிவிட்டார். காத்திருக்கப் பொறுமை இல்லாத மாமா வண்டியை எடுத்தார், நடுக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்து மச்சானை ஏற்றினார், போய்விட்டது. மாமா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கிப் பின்னால் வந்து, மச்சானை நெடுநேரம் பார்த்தார். அக்காவைக் கட்டியதிலிருந்து அவர் அந்த முகத்தை மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் சிக்கலானது இல்லை. இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீள இரும்புக் குழாய் சுழன்றுகொண்டே போகிறது, ஷாஃப்ட் என்பார்கள். அது இணைப்புகளில் கொஞ்சம் மடங்கித்தான் போகும். வண்டியின் பின்புறம் தேவைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றால் மடக்கு அதிகமாகி, வேகத்தில் உதறும். பின்னால் கனம் ஏறினால் பின்புறம் தணியும், மடக்கு சரியாகும், உதறல் நிற்கும். ஆகவே லோடு ஏறியதும் நின்றால் பின்புறத்தைத் தாங்குகிற வில் பட்டையைப் பார். நிற்காவிட்டால் டயர், ரிம், பேரிங், ஷாஃப்ட் என்று வரிசையாகப் போ. இது பட்டறையின் சட்டமாயிற்று. அதன் மேல் அப்பீல் கிடையாது.

மணல் மூட்டை போதுமே, மனுஷன் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. லோடு காய்ச்சலில் படுத்திருந்தபோது மாமா அதையும் செய்து பார்த்தார். "மூட்டை நல்லாத்தான் உக்காருது" என்றார் திரும்பி வந்து. "எங்க உதறுதுன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குது."

லோடு திறப்பார். தொப்பை இடவலமாக ஆடினால் டயர். மேலும் கீழும் குதித்தால் ரிம். தொப்பை தன்பாட்டுக்கு இருக்க, பல் மட்டும் கூசினால் ஷாஃப்ட். தவறியது அபூர்வம். தொப்பையைத் தொழிற்கருவியாக வைத்திருந்தவர் அந்தச் சாலையில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சும்மா வைத்திருந்தார்கள்.

ஒருமுறை போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். பின்தட்டில், சோதனைக்கு வரும் வண்டிக்கெல்லாம் மாற்றி மாற்றிப் பொருத்துகிற பழைய பஸ் சீட் ஒன்று பின்பக்கம் பார்த்தபடி முடுக்கப்பட்டிருந்தது. அதில் லோடு பெல்ட் போட்டுக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தவாறு உட்கார்ந்திருந்தார். என்ன லோடு என்று கேட்டார் காவலர். "அவர்தான்" என்றார் மாமா. காவலர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சரக்கு என்று எழுதினால் சரக்கு வணக்கம் சொல்கிறது. பயணி என்று எழுதினால் பயணி எங்கும் போவதாகத் தெரியவில்லை. எந்தப் பிரிவிலும் அடங்காததால் போகச் சொல்லிவிட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு டாக்டர் குறுக்கிட்டார். இதயம் இரண்டு ஆளுக்கு வேலை செய்கிறது, அதில் ஓர் ஆளைக் குறைத்தாக வேண்டும் என்றார். லோடு தன் உத்தியோகத்தின் தன்மையை எடுத்துச் சொன்னார். டாக்டர் அதைக் காதில் வாங்காமல் மனைவியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அன்றைக்கே அந்த டேப்பைக் கணவரின் இடுப்பில் சுற்றி, அளவை எழுதி வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் வேக வைத்த பீன்ஸும் வெள்ளரிக்காயும் வந்தன. வேலை போய்விடும் என்று அவர் முறையிட்டார்.

"வேலை போனா வேற தேடிக்கலாம்" என்றாள் அவள். "நீங்க போயிட்டா இந்த வயசுல நான் எங்க போய்த் தேடுறது?"

அவர் பீன்ஸைத் தின்று இளைக்கத் தொடங்கினார்.

பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுதான் தெரிகிறது? சட்டையைப் பிடித்துத் தைக்க மனைவி ஆசைப்பட்டாள். கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார். பழைய நடையை அப்படியே வைத்திருந்தார். சீட்டில் உட்காரும்போது விடுகிற முனகலைக் கொஞ்சம் கூட்டினார். ஒரு கட்டத்தில் பயம் வந்து, சக்கரம் பேலன்ஸ் செய்ய ஒட்டுகிற ஈயத் துண்டுகளை நாலு பாக்கெட்டிலும் நிரப்பிக்கொண்டு ஏறினார். வேகத்தில் அவை கிணிகிணி என்று சத்தம் போட, முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மாமா டெயில்போர்டு லூஸ் என்று முடிவு கட்டி, அதைக் கழற்றி வெல்டிங் வைத்தார். லோடு பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஈயத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் முட்டைக்காரம்மா வந்து சேர்ந்தார். பண்ணையிலிருந்து முட்டை எடுத்து நெடுஞ்சாலை வழியாகக் கடை கடையாகப் போடுகிறவர். வண்டியைத் தானே ஓட்டுவார். பழைய பிக்கப் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். முன்பு வைத்திருந்தவர் செங்கல் ஏற்றியவர். வண்டி எண்பதில் உதறுகிறது, முட்டை உடைகிறது என்றார்.

வண்டியின் பின்புறம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மாமா அதைப் பார்த்தார். பட்டையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. லோடு ஏறினார், முனகினார், உட்கார்ந்தார். எண்பதில் உதறல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் பட்டை இல்லை. தன் கண்ணைவிட மச்சானின் கனத்தை நம்பிய மாமா, டயரில் ஆரம்பித்தார்.

பின்னால் இரண்டு டயர் மாறின. முட்டை உடைந்தது. பேரிங் மாறியது. உடைந்தது. லோடு ஒவ்வொரு தடவையும் இறங்கி, பல் கூசுகிறது, ஷாஃப்ட் பக்கம்தான் என்று உண்மையைச் சொன்னார். அது அரை உண்மை. மீதி அரை அவர் பேண்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் காற்றாக இருந்தது.

அடுத்து முட்டைக்காரம்மா வந்தபோது சத்தம் போடவில்லை, அதுதான் கவலையாக இருந்தது. "கடைசிக் கடை பேக்கரி. அவர் சொல்றார், இனிமே தட்டுல வேணாம்மா, பக்கெட்ல கொண்டு வந்து ஊத்திட்டுப் போயிடுங்கன்னு. நாளைக்கும் ஒடஞ்சா வேற ஆளப் பாத்துக்கறாராம். என் பாதி வியாபாரமே அவருதான்." மாமா ஷாஃப்டையே இறக்கிவிடலாம், புதிது வர ஒரு வாரம் ஆகும் என்று ஆறுதல் சொன்னார்.

லோடு ஒரு கேள்வி கேட்டார். முதல் கடையில் எவ்வளவு உடைகிறது?

முதல் கடையில் ஒன்றும் இல்லை என்றார் அந்தம்மா. இரண்டாவது, மூன்றாவதிலும் இல்லை. பாதி இறக்கிய பிறகுதான்.

மாமா ஷாஃப்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். இது அவர் காதில் விழவில்லை. லோடு காதில் விழுந்தது. வண்டி நிறைய முட்டை இருக்கும்வரை உதறல் இல்லை. இறக்க இறக்க வண்டி லேசாகிறது, பின்புறம் எழும்புகிறது, மீதி முட்டை உடைகிறது. பட்டைதான். அவரே இறக்கிய சரக்காகி வெகுநாளாயிற்று. அதனால்தான் அவர் ஏறியும் நிற்கவில்லை. பட்டறையில் எல்லாவற்றையும் அவரை வைத்து அளந்தார்கள்; அவரை அளந்தது வீட்டில் ஒரு டேப் மட்டும்.

சொன்னால் ஜெராக்ஸ் கடை. சொல்லாவிட்டால் பேக்கரிக்கு வேறு ஆள். லோடு பட்டறை வாசலில் நின்று யோசித்தார். நின்று யோசிப்பதே அவருக்குப் புதிது. முன்பெல்லாம் முழங்கால் அனுமதிக்காது.

அப்போது மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலையில் அவர் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். பீன்ஸ் என்றால் அவருக்கு மறதி வந்துவிடும். அவள் பாக்ஸை நீட்டினாள். லோடு அதை வாங்காமல் மாமாவைக் கூப்பிட்டார்.

"மாமா, ஷாஃப்டை எறக்க வேணாம். இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். இவளையும் ஏத்திக்கறேன்."

"தங்கச்சி எதுக்குடா?"

"லோடு பத்தலை மாமா."

மாமாவுக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சாவியை எடுத்தார். முட்டைக்காரம்மா கேபினில் ஏறினார். பின்னால் பஸ் சீட்டில் கணவனும் மனைவியும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். சில மாதங்களுக்கு முன்னால் அந்த சீட்டில் இன்னொருவருக்கு இடம் என்பதே பேச்சுக்கு இல்லை. சாலை அவர்களை விட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இதுதான் உங்க வேலையா?" என்றாள் அவள், கொஞ்ச தூரம் போனதும்.

"ஆமா."

"சம்பளம் குடுக்கறாங்களா?"

"மாசாமாசம்."

வண்டி எண்பதைத் தாண்டியது. மடியில் டிபன் பாக்ஸ் மூடி லூஸாக இருந்தது. அதுகூடச் சத்தம் போடவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் மாமா இறங்கி, அன்றைய காவலர் போலவே, மச்சானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துப் பார்த்தார். கை நிறையத் துணி வந்தது. எவ்வளவு என்று கேட்டார். லோடு மனைவியைப் பார்த்தார். அவள் கணக்கைச் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. ஈயத் துண்டுகளைப் பற்றியும் லோடு சொல்லிவிட்டார்.

"டெயில்போர்டும் நீதானா?"

"நான்தான் மாமா."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எளச்சவனுக்கு இங்க என்ன வேலை மாமா?"

பதில் சொன்னது முட்டைக்காரம்மா. "டயரு புதுசு, பேரிங் புதுசு. உங்க மச்சான் ஒருத்தர்தான் பழசுன்னு இருந்தேன். அவரும் புதுசுதானா?"

செங்கல்காரர் சொருகி வைத்திருந்த கூடுதல் பட்டையை மாமா அன்றைக்கே உருவி எடுத்தார். ஷாஃப்டில் மிச்சமிருந்த மடக்கைச் சரிசெய்ய ஓர் ஆப்பு வைத்து இறுக்கினார். மறுநாள் மதியம் முட்டைக்காரம்மா பேக்கரி வாசலிலிருந்தே போன் செய்தார். ஒன்றும் உடையவில்லையாம், பேக்கரிக்காரர் நம்பாமல் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தாராம். போட்ட டயரைப் பற்றி இரண்டு பக்கமும் பேச்செடுக்கவில்லை.

லோடு அன்று தன் டிபன் பாக்ஸையும் விசிறியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். மாமா போனை வைத்துவிட்டு வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஜெராக்ஸ் கடைக்காரரைப் பாத்துட்டு வரலாம்னு."

"உன் எடையைத்தானே காணோம்? வாய் இருக்குல்ல?"

"இருக்கு."

"மணலு ரோட்டோரமாக் கெடக்கு மச்சான். வாய்க்கு நான் எங்க போறது? போய் உக்காரு."

மூட்டையை மனைவியே தைத்துக் கொடுத்தாள். இனி உதவாத பழைய பேண்ட் ஒன்றை வெட்டி, இரட்டைத் தையல் போட்டாள். கணவர் எவ்வளவு குறைந்தாரோ அவ்வளவு மணலைத் தராசில் நிறுத்து அதில் நிரப்பினார்கள். பஸ் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் அது பேண்ட் போட்டுக்கொண்டு உட்காரும். மாதம் பிறந்ததும் அவள் டேப்போடு பட்டறைக்கு வருவாள், அளப்பாள், மூட்டையைப் பிரித்து இன்னும் கொஞ்சம் மணலை உள்ளே கொட்டச் சொல்வாள். பட்டறையின் சட்டம் மாறவில்லை. லோடு இரண்டு பாகமாக ஏறுகிறார், அவ்வளவுதான். தொப்பை போனதில் டயருக்கும் ரிம்முக்கும் கொஞ்சம் தடுமாறினார். இப்போது இடுப்பெலும்பை வைத்துச் சமாளிக்கிறார்.

ஒருநாள் மணல் நிரப்பி முடித்ததும் மனைவி அந்த மூட்டையைத் தானே தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதையா இத்தனை வருஷம் தூக்கிட்டு மாடி ஏறுனீங்க?"

லோடு மூட்டையைப் பார்த்தார். வேலையை விட்டுப் போன கூட்டாளியைச் சந்தையில் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஆமா" என்றார். "ஆனா உதறலே இல்ல."